முள்ளிவாய்க்கால் கஞ்சி: நூறு பேருக்குக் காய்ச்சும் முறை

2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்த சனத்தை நினைத்து, மே 12 முதல் 18 வரை மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் கோயில் வாசலிலும் சந்தியிலும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முதல்தடவை செய்ய நினைப்பவர்களுக்கு இது.

அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்தால் ருசிக்கும், ஆனால் அது இந்தக் கஞ்சி இல்லை. அந்தப் போரின் கடைசி நாட்களில் வரிசையில் நின்ற சனத்துக்குக் கிடைத்தது வெறும் உப்புக்கஞ்சி. ஒரு வாய் குடித்த பிள்ளை "ஏன் இதில ஒண்டுமில்ல?" என்று கேட்கும். சொல்லத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆளுக்கு ஒரு சிரட்டை என்று 100 பேருக்கு இரண்டரைக் கிலோ சிவப்புப் பச்சை அரிசி, 24 லீற்றர் தண்ணீர், 100 கிராம் உப்பு. கிடாரம் 35 லீற்றராவது கொள்ள வேண்டும். சின்னதென்றால் நுரை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே கழுவிய அரிசியைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரோடு போட்டால் அரிசி அடியில் படிந்து ஒட்டும். முதல் 15 நிமிடம் அகப்பையை நிறுத்தக் கூடாது. பிறகு விறகை இழுத்து, தணலில் முக்கால் மணி நேரம் வேகட்டும்.

மே மாதத்தில் கச்சான் காற்று தொடங்கிவிடும். நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிடாரத்தின் அந்தப் பக்கம் மட்டும் அடிப்பிடிக்கும். காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை நட்டுவிடுங்கள். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், மேல்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மெதுவாக அள்ளி மாற்றினால் கருகல் மணம் ஏறாது. உப்பு கடைசியில்தான். முதலிலேயே போட்டால் தண்ணீர் வற்ற வற்றக் கரிக்கும். ஆறும்போது கஞ்சி இறுகும் என்பதால் ஐந்து லீற்றர் சுடுதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சிரட்டை சேர்ப்பதை இரண்டு வாரம் முன்னரே பிள்ளைகளிடம் கொடுங்கள். கண் இல்லாத பாதிதான் வேண்டும். கண் உள்ள பாதியில் மெல்லிய கண் வழியே கஞ்சி ஒழுகும். ஒரு தேங்காய்க்கு ஒரு சிரட்டைதான் தேறும் என்பதால் வீடு வீடாகச் சொல்லிவைக்க வேண்டும். உட்புறத்துத் தேங்காய்ப்பூ துளியும் இல்லாமல் சுரண்டி, வெளித்தும்பை மணல் போட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் அவித்து வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். பரிமாறும்போதும் சிரட்டையில் பாதிதான் ஊற்ற வேண்டும், மிச்சத்தை ஆறிய பிறகு ஊற்றலாம்.

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஆகவே கொதித்தாறிய தண்ணீர், மூடிய பாத்திரம், கை கழுவச் சவர்க்காரம் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். சுகாதாரத்தைச் சாட்டாகச் சொல்ல யாருக்கும் இடம் வைக்க வேண்டாம்.

ஆட்களை இழந்த குடும்பங்கள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மேடைக்கு அழைத்து நிறுத்தாதீர்கள், கஞ்சி வாங்கும்போது படம் எடுக்காதீர்கள். வர முடியாத தாய்மாருக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியவர் ஒருவர், பிள்ளைகள் இரண்டு பேர் போதும். கொடுத்த கையோடு திரும்பாமல் கொஞ்சநேரம் இருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் "செத்தவருக்கு" என்ற சொல் வாயில் வரவே கூடாது. மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்தவர்களை 1990 செப்டெம்பர் 5 அன்று இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிபட்டவர்களின் உறவுகள் இன்றும் பதில் கேட்கிறார்கள். குடும்பம் கேட்காமல் காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு மாலை போடுவதும் விளக்கு வைப்பதும் அந்த வீட்டுக்குச் செய்யும் கொடுமை. பிள்ளைகளுக்கு இதை முதல்நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

காசோ பொருளோ உதவுவதாக இருந்தால் இந்த வாரத்தில் வேண்டாம். தை மாதம் கொப்பி, சப்பாத்து வாங்கும்போதும், ஐப்பசி மழைக்கு முன் கூரை பார்க்கும்போதும் போய் நில்லுங்கள்.

மிஞ்சிய கஞ்சியை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், இந்த வெக்கையில் இரவுக்குள் புளித்துவிடும். சிரட்டைகளைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி அடுப்புப் பரணில் போட்டால் அடுத்த வருடத்துக்கும் உதவும்.