பழைய வாடிக்கையாளர் பதிவுகளை சிஆர்எம்முக்குக் கொண்டுவருவது எப்படி

பல வருடப் பதிவுகளைப் புது சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு நடந்த பேச்சுகளையும் வைத்திருக்கும் மென்பொருளில்) ஏற்றி முடித்ததும் முதலில் வரும் புகார் பெரும்பாலும் இதுதான்: எல்லா அழைப்புக் குறிப்புகளும் நேற்று எழுதியதாகக் காட்டுகின்றன, எல்லாமே அட்மின் பெயரில் இருக்கின்றன. யார், எப்போது, எந்த வாடிக்கையாளரிடம் பேசினார் என்ற விவரம் போய்விட்டால் பழைய குறிப்பால் பயனில்லை. இங்கே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி அந்த விவரத்தைக் காப்பாற்றத்தான்.

பழைய மென்பொருளிலிருந்து முழு எக்ஸ்போர்ட் (எல்லாப் பதிவுகளும் அடங்கிய ஃபைல்) எடுத்து, அதன்மேல் கை வைக்காமல் தனியே சேமியுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில் மட்டும். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. நடப்பு வாடிக்கையாளர்கள், முடியாத டீல்கள் (விற்பனைப் பேச்சுகள்), சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை, இவர்களோடு நடந்த உரையாடல்கள் போதும். மற்றவை ஆர்க்கைவில் இருக்கட்டும். ஆனால் 'மெயில் அனுப்ப வேண்டாம்' என்று சொன்னவர்களின் பட்டியல் மட்டும் எவ்வளவு பழையதானாலும் கட்டாயம் வர வேண்டும்.

அடுத்து, சிஆர்எம்மில் கம்பெனி, தொடர்பு நபர், டீல், செயல்பாடு (அழைப்பு, மெயில் போன்றவை) என ஒவ்வொன்றிலும் 'பழைய ஐடி' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபீல்ட் உருவாக்குங்கள். சிஆர்எம் அனுமதிக்கும் இடத்தில், ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில் அதையே எக்ஸ்டர்னல் ஐடி (வெளி மென்பொருளின் அடையாள எண்) என்றும் குறித்துவிட்டால் அப்செர்ட் முறையில், அதாவது இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர் என்ற முறையில், ஏற்றலாம். அதே ஃபைலை மறுபடி ஓட்டினாலும் நகல்கள் உருவாகாது, இருக்கும் பதிவுதான் புதுப்பிக்கப்படும். தொடர்பு நபரைக் கம்பெனியோடு இணைக்கவும் பழைய ஐடியே போதும்.

இதை விட்டுவிட்டு எக்செலில் விலுக்கப் (VLOOKUP, ஒரு மதிப்பை இன்னொரு அட்டவணையில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டு இணைப்பவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் 15 எழுத்து ஐடியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. விலுக்கப் அவற்றை வேறுபடுத்தாது. விளைவு, ஒரு கம்பெனியின் ஆட்கள் இன்னொரு கம்பெனியின் கீழ் போய் உட்கார்வார்கள், எந்தப் பிழைச்செய்தியும் வராது. விலுக்கப்தான் வேண்டுமென்றால் 18 எழுத்து ஐடியைப் பயன்படுத்துங்கள்.

எக்செலே தனி ஆபத்து. சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் அட்டவணையை) டபுள் கிளிக் செய்து திறந்தால் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போகும். 12 இலக்க ஃபோன் எண் 9.19E+11 போலத் தெரியும், அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் தொலைந்தன. 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். 03/04/2015 ஏப்ரலா மார்ச்சா என்பதைக் கணினியின் அமைப்பு முடிவு செய்கிறது. மாதம் முன்னால் வரும் அமைப்பில் 25/04/2015 தேதியாகவே மாறாமல் டெக்ஸ்ட்டாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி டெக்ஸ்ட் என்று தெரிந்தால் மீதிப் பாதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று சந்தேகப்படுங்கள். எக்ஸ்போர்ட்டிலேயே 2015-04-03 வடிவில் எடுப்பதும், எக்செலின் டேட்டா மெனு வழியாக எல்லா நெடுவரிசைகளையும் டெக்ஸ்ட் என்று குறித்துத் திறப்பதும் நல்லது. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ஃபைல் யுடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) ஆக இருக்க வேண்டும். பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்டவை என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

நகல்களை ஏற்றுவதற்கு முன்பே களையுங்கள். மெயிலைச் சின்ன எழுத்தாக்கி, ஓர இடைவெளிகளை நீக்கி, ஃபோனை நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவில் வைத்து ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும்போது, நீக்கப்படும் ஐடி எந்த ஐடிக்குள் போனது என்று ஒரு தனி அட்டவணையில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் நீக்கப்பட்டவரோடு நடந்த அழைப்புகள் அநாதையாகி, ஏற்றும்போது நிராகரிக்கப்படும்.

இப்போது தேதி. சேல்ஸ்ஃபோர்ஸில் உருவாக்கிய தேதியையும் உருவாக்கியவரையும் நாமே கொடுக்க ஆடிட் ஃபீல்ட் (யார், எப்போது உருவாக்கினார் என்று காட்டும் ஃபீல்ட்) அனுமதி இருக்கிறது. பதிவு முதன்முதலில் நுழையும்போது மட்டுமே அது வேலை செய்யும், பிறகு திருத்த முடியாது. மறந்துவிட்டால் அத்தனையையும் அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். இந்த வசதி இல்லாத சிஆர்எம்மில் 'அசல் தேதி', 'அசல் பதிவாளர்' என்று சொந்த ஃபீல்ட்கள் வைத்து, ரிப்போர்ட்களை அவற்றின்மேல் கட்டுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரும் அப்படித்தான் நிலைக்கும். நேரம் இல்லாமல் தேதி மட்டும் இருந்தால் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, நேர மண்டல வித்தியாசத்தில் ஒரு நாள் பின்னால் போகலாம். யுடிசி (உலகப் பொது நேரம்) நண்பகல் 12 மணி என்று போட்டால் பெரும்பாலான இடங்களில் தேதி நகராது.

ஏற்றும் வரிசை: பயனர்கள், கம்பெனிகள், தொடர்பு நபர்கள், டீல்கள், செயல்பாடுகள், கடைசியில் இணைப்பு ஃபைல்கள். தொடங்குமுன் தானியங்கி மெயில்கள், ஃப்ளோக்கள் (தானாக ஓடும் வேலைகள்), நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பத்து வருடத்துக்கு முன் விலகியவருக்கு 'எங்களோடு இணைந்ததற்கு நன்றி' என்று மெயில் போகும். எவற்றை நிறுத்தினீர்கள் என்று குறித்து வைத்தால்தான் திரும்ப இயக்கும்போது ஒன்றும் விடுபடாது.

முதலில் சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான தனி நகலில்) நூறு பதிவுகள் ஏற்றிப் பாருங்கள். ஃபைலின் முதல் நூறு வேண்டாம், அவை சுலபமானவையாகவே இருக்கும். மிகப் பழையது, மிக நீளமான குறிப்பு, நடுவில் வரி உடைந்த குறிப்பு, தமிழ்ப் பெயர், மெயிலே இல்லாதவர், மிக அதிக அழைப்புகள் உள்ள கம்பெனி என்று தேடிப் பொறுக்குங்கள். நீளமான குறிப்பு ஃபீல்டின் வரம்பைத் தாண்டுகிறதா என்பது இங்கேதான் தெரியும். பெரிய அளவில் ஏற்றும்போது ஒரே கம்பெனியின் பதிவுகள் வெவ்வேறு தொகுதிகளில் ஒரே நேரத்தில் நுழைந்தால் லாக் பிழை (ஒன்று பூட்டி வைத்த பதிவை இன்னொன்று தொட முடியாத பிழை) வரும். ஃபைலைக் கம்பெனி ஐடிப்படி வரிசைப்படுத்துங்கள், அப்போதும் வந்தால் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புங்கள்.

முடிந்ததும் வெற்றியும் தோல்வியும் சேர்த்து மூல எண்ணிக்கைக்குச் சமமா என்று பாருங்கள். மூல எண்ணிக்கையை வரிகளை எண்ணி எடுக்காதீர்கள், குறிப்புக்குள் உடைந்த வரிகள் கணக்கைக் குழப்பும். வருடவாரியாக அழைப்புகளின் எண்ணிக்கையையும் டீல் தொகையின் கூட்டலையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். ஏதோ ஒரு வருடம் மட்டும் இடித்தால், முதலில் தேதி வடிவத்தைப் பாருங்கள். தோற்றவற்றை மட்டும் திருத்தி மறுபடி அப்செர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் எடுத்த நாளுக்குப் பிறகு பழைய மென்பொருளில் சேர்ந்தவற்றையும் மாறியவற்றையும் தனியே எடுத்து அதே வழியில் ஏற்றிவிட்டு, பழைய மென்பொருளைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டுங்கள்.