தேதி இல்லாத சோவியத் நிலப்படத்தின் ஆண்டைக் கண்டறிவது எப்படி?

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சோவியத் நிலப்படத்தில் அச்சிட்ட ஆண்டு இல்லை, அல்லது அது இருந்த ஓரம் கிழிந்துபோய்விட்டது என்றால், படத்துக்குள் இருக்கும் குடியரசுகளைக் கொண்டே அதன் காலத்தைப் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள்ளும், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்களுக்குள்ளும் நிர்ணயித்துவிடலாம். சோவியத் ஒன்றியத்தில் 15 குடியரசுகள் இருந்தன என்று நாம் பள்ளியில் படித்தது 1956க்குப் பிந்தைய காலத்துக்குத்தான் பொருந்தும். 1922 டிசம்பர் 30 அன்று அது உருவானபோது உறுப்புக் குடியரசுகள் நான்கே. அந்த எண்ணிக்கை பின்னர் ஆறு, ஏழு, பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு என்று ஏறி, கடைசியில் ஒன்று குறைந்து பதினைந்தில் நின்றது.

எண்ணத் தொடங்கும் முன் எதை எண்ணுவது என்பதில் தெளிவு வேண்டும். ஒன்றியக் குடியரசுகளை மட்டுமே எண்ண வேண்டும். அவற்றுக்குள் அடங்கிய தன்னாட்சிக் குடியரசுகளைச் சேர்க்கக் கூடாது. தாத்தாரியா, பஷ்கீரியா, தாகெஸ்தான் போன்றவை தடித்த எல்லைக்கோட்டுடன் தனித்துத் தெரிந்தாலும், அவை ரஷ்யக் குடியரசின் உட்பிரிவுகள். தாத்தாரியாவுக்கு ஏன் அந்தத் தகுதி கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு ஸ்டாலின் 1936 நவம்பரில் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார்: ஒன்றியக் குடியரசு நாட்டின் வெளி எல்லையை ஒட்டியிருக்க வேண்டும், அதன் பெயருக்குரிய இனம் அங்கே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறையக் கூடாது. முதல் நிபந்தனை படம் பார்ப்பவருக்கு மிகவும் உதவும். நான்கு புறமும் ரஷ்யாவால் சூழப்பட்ட எந்தப் பகுதியும் ஒன்றியக் குடியரசு அல்ல. துண்டாகத் தனித்து நிற்கும் இரண்டு பகுதிகளும் புதியவர்களை ஏமாற்றும். லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் இடையே உள்ள கலினின்கிராட் ரஷ்யாவைச் சேர்ந்தது; அர்மீனியாவுக்குத் தென்மேற்கே உள்ள நக்கிச்செவான் அஜர்பைஜானைச் சேர்ந்தது. முழு நாட்டையுமே ‘ரஷ்யா’ என்று அழைத்துப் பழகிய நமக்கு, 1966இல் லால் பகதூர் சாஸ்திரி மறைந்த தாஷ்கண்ட் உஸ்பெக் குடியரசின் தலைநகர் என்பதே சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வருகிறது.

இனி, பார்வையை நேரே படத்தின் வடமேற்கு மூலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஃபின்லாந்து எல்லையை ஒட்டி, லெனின்கிராடுக்கு வடக்கே நீண்டு கிடக்கும் கரேலியா எந்த நிறத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ரஷ்யாவின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தனி நிறத்தில் இருந்தால், அது கரேலோ-ஃபின்னியக் குடியரசு. படம் 1940 மார்ச் 31க்கும் 1956 ஜூலை 16க்கும் இடைப்பட்ட நிலவரத்தைக் காட்டுகிறது. ஃபின்லாந்துடன் நடந்த குளிர்காலப் போர் முடிந்த கையோடு உருவாக்கப்பட்ட இந்தக் குடியரசில் கரேலியரும் ஃபின்னியரும் சிறுபான்மையினராகவே இருந்தனர். ஸ்டாலினே சொன்ன இரண்டாம் நிபந்தனைக்கு இது ஒத்துவரவில்லை என்பதைப் பார்க்கும்போது, மக்களின் விருப்பத்தைவிட ஃபின்லாந்தை நோக்கிய அரசியல் கணக்கே இதன் பிறப்புக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரேலியா தனி நிறத்தில் இருந்தால், அந்தப் பதினாறு ஆண்டுக் காலத்தை இன்னும் குறுக்கலாம். எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, மால்டேவியா ஆகிய நான்கும் 1940 ஆகஸ்ட் முதல் வாரத்தில் சேர்க்கப்பட்டன. எனவே கரேலியா இருந்து இவை இல்லையென்றால், அது பன்னிரண்டு குடியரசுகள் மட்டுமே இருந்த சில மாதங்களின் படம். அடுத்து வீபோர்க் நகரத்தைப் பாருங்கள். அது கரேலியாவின் நிறத்துக்குள் இருந்தால் படத்தின் நிலவரம் 1944 நவம்பருக்கு முற்பட்டது, ஏனென்றால் அப்போது அந்தப் பகுதி லெனின்கிராட் மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. மங்கோலியாவுக்கு வடமேற்கே துவா தனி நாடாகக் காட்டப்பட்டிருந்தாலும் 1944 அக்டோபருக்கு முந்தைய நிலைதான். கடைசியாகக் கிரீமியா. 1954 பிப்ரவரி 19 அன்று அது ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரைனுக்கு மாற்றப்பட்டது. ஆகவே கிரீமியா உக்ரைனின் நிறத்திலும், கரேலியா தனி நிறத்திலும் இருக்கும் படம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. பழைய படம் சேகரிப்பவர் ஒருவருக்கு இதைவிடத் திருப்தியான அடையாளம் கிடைப்பது அரிது.

கரேலியா ரஷ்யாவின் நிறத்திலேயே இருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: படம் 1940க்கு முற்பட்டது, அல்லது 1956க்குப் பிற்பட்டது. பால்டிக் நாடுகள் மூன்றும் சோவியத்துக்கு வெளியே இருந்தால் முந்தையது, உள்ளே இருந்தால் பிந்தையது. முற்பட்ட படங்களில் காகசஸையும் நடு ஆசியாவையும் பார்க்க வேண்டும். ஜார்ஜியா, அர்மீனியா, அஜர்பைஜான் ஆகிய மூன்றும் டிரான்ஸ்காகேசியக் கூட்டாட்சி என்ற ஒரே குடியரசாக இணைந்திருந்தால் படம் 1936 டிசம்பர் அரசியலமைப்புக்கு முந்தையது. அப்போது கசாக்ஸ்தானும் கிர்கிசியாவும்கூட ரஷ்யாவின் நிறத்திலேயே கிடக்கும். உஸ்பெக், துர்க்மேன் குடியரசுகள் 1924இல் உருவாகி அடுத்த ஆண்டு ஒன்றியத்தில் சேர்ந்தன. தாஜிகிஸ்தான் 1929 வரை உஸ்பெகிஸ்தானுக்குள் அடங்கியிருந்தது. தலைநகரக் குறிகளும் இங்கே கைகொடுக்கும்: உஸ்பெகிஸ்தானின் தலைநகர் 1930 வரை சமர்கண்ட், உக்ரைனின் தலைநகர் 1934 வரை கார்கிவ். தாஷ்கண்டும் கார்கிவும் தலைநகரங்களாகக் குறிக்கப்பட்ட படம் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் வந்துவிடும்.

1956க்குப் பிந்தைய படங்களில் குடியரசுகளின் எண்ணிக்கை அசையாது என்பதால் வேலை கடினமாகிறது. தொடக்கத்தில் மட்டும் ஓர் உதவி உண்டு. 1944இல் மக்களை நாடுகடத்திக் கலைக்கப்பட்ட செச்சென்-இங்குஷ் தன்னாட்சிக் குடியரசு 1957 ஜனவரியில் மீட்கப்பட்டது. ஆகவே பதினைந்து குடியரசுகள் இருந்தும் அந்த இடத்தில் குரோஸ்னி மாகாணம் மட்டும் இருந்தால், அந்தப் படத்துக்கு ஆயுள் ஆறு மாதம்தான். அதன் பிறகு நகரங்களின் பெயர்களையே நம்ப வேண்டும். ஸ்டாலின்கிராட் 1961இல் வோல்கோகிராட் ஆனது. அதே ஆண்டில் தாஜிகிஸ்தானின் தலைநகர் ஸ்டாலினாபாத் துஷான்பே ஆயிற்று, உக்ரைனின் ஸ்டாலினோ தோனெத்ஸ்க் ஆயிற்று. கிழக்கு உக்ரைனில் உள்ள லுகான்ஸ்க் 1935இல் வரோஷிலோவ்கிராட் ஆகி, 1958இல் பழைய பெயருக்குத் திரும்பி, 1970இல் மீண்டும் வரோஷிலோவ்கிராட் ஆகி, 1990இல் மறுபடி லுகான்ஸ்க் ஆனது. தலைவர்களின் மதிப்பு ஏறி இறங்கியதற்கேற்ப ஊர்ப்பெயரும் ஆடியதால் நமக்கு லாபம். எண்பதுகளுக்கு இன்னும் நுட்பமான அடையாளம் உண்டு: நாபெரெஷ்னியே செல்னி நகரம் 1982 முதல் 1988 வரை பிரெஷ்னெவ் என்றும், ரீபின்ஸ்க் 1984 முதல் 1989 வரை அந்த்ரோபோவ் என்றும் வழங்கப்பட்டன.

சோவியத்திலேயே அச்சான படமாக இருந்து, மூலையிலோ அட்டையிலோ அரசுச் சின்னம் இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமைக் கதிர்களைச் சுற்றியிருக்கும் சிவப்பு நாடாவின் ஒவ்வொரு மடிப்பிலும் ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்’ என்ற வாசகம் ஒவ்வொரு மொழியில் எழுதப்பட்டிருக்கும். மடிப்புகள் பதினொன்று என்றால் சின்னம் 1936க்கும் 1946க்கும் இடைப்பட்டது, பதினாறு என்றால் 1956 வரை, பதினைந்து என்றால் அதற்குப் பிறகு. 1940இலேயே பதினாறு குடியரசுகள் வந்துவிட்டபோதும் சின்னம் போருக்குப் பிறகுதான் மாறியது. எனவே சின்னமும் படமும் முரண்பட்டால் பதற வேண்டாம், அந்த முரண்பாடே 1940–46 என்று சொல்கிறது.

மேற்கத்திய நாடுகளில் அச்சான படங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. பால்டிக் நாடுகள் இணைக்கப்பட்டதை அமெரிக்கா ஒருபோதும் ஏற்கவில்லை. ஆகவே அங்கே வெளியான படங்களில் அந்த மூன்றும் தனி எல்லையுடனோ, ஒரு குறிப்புடனோ காட்டப்பட்டிருக்கலாம். அதைக் கண்டு படத்தை 1940க்கு முன் தள்ளிவிடாமல், கிரீமியா, கலினின்கிராட் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கலினின்கிராட் 1946 வரை கோனிக்ஸ்பெர்க் என்றே அழைக்கப்பட்டது. வற்றிவந்த ஆரல் கடலின் வடிவத்தை வைத்து ஆண்டு சொல்ல முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிப்பகங்கள் பழைய கரையோரத்தையே வெகுகாலம் திரும்பத் திரும்ப அச்சிட்டு வந்தன.

1990–91இல் பெயர்கள் மாதக்கணக்கில் மாறின. கோர்க்கி நகரம் 1990 அக்டோபரில் நிஷ்னி நோவ்கோரத் ஆனது. கிர்கிசியாவின் தலைநகர் ஃபுரூன்ஸே 1991 பிப்ரவரியில் பிஷ்கெக் ஆனது. 1991 செப்டம்பர் 6 அன்று லெனின்கிராட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆன அதே நாளில் பால்டிக் நாடுகளின் விடுதலையையும் மாஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஆகவே சோவியத் ஒன்றியம் என்ற தலைப்பின் கீழ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அச்சிட்டு, பால்டிக் நாடுகளை வெளியே விட்ட ஒரு படம் உங்கள் கையில் இருந்தால், அது காட்டும் நாடு அந்த வடிவில் நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை; அத்தகைய படத்தை மடிக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.