கனடாவின் ஒலிபரப்பு ஆணையத்துக்குச் சமூகத்தின் கருத்துரையை எழுதுவது எப்படி

கனடாவில் ஒரு பல்மொழி வானொலியின் உரிமம் புதுப்பிப்புக்கு வரும்போதும், புதிய நிலையம் ஒன்றுக்கு விண்ணப்பம் வரும்போதும், அந்த நிலையத்தைக் கேட்கும் எவரும் தம் கருத்தை சி.ஆர்.டி.சி. எனப்படும் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு எழுதலாம். இதற்கு வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆயினும் சமூக அமைப்புகள் எழுதும் கடிதங்கள் பல, பாராட்டு மடலாகவோ மனக்குறைப் பட்டியலாகவோ நின்றுவிடுகின்றன. கடிதங்களை எண்ணிப் பார்த்து மட்டும் ஆணையம் முடிவெடுப்பதில்லை. தன் முன் உள்ள ஆவணங்களைக் கொண்டு, நிலையம் பின்பற்ற வேண்டிய நிபந்தனைகளை அது எழுதுகிறது. எனவே, அப்படியே நிபந்தனையாக எடுத்து எழுதத்தக்க ஒரு வாசகத்தை அதனிடம் கொடுப்பதே கருத்துரையின் வேலை.

முதலில் எந்தச் சட்ட அடிப்படையில் கேட்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாட்டின் ஒலிபரப்பு அமைப்பு கனடியச் சமூகத்தின் பல்கலாசார, பல்லின இயல்பைக் காட்ட வேண்டும் என்று 1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. 2023இல் வந்த திருத்தம், பல்வேறு இனப் பண்பாட்டுப் பின்னணி கொண்டோரை வெளிப்படையாகக் குறிப்பிட்டு இதனை மேலும் விரிவாக்கியது. இதைவிடக் கையில் பிடிக்கத்தக்கது 1999இல் ஆணையம் வெளியிட்ட இனத்துவ ஒலிபரப்புக் கொள்கையாகும். இனத்துவ நிலையமாக உரிமம் பெற்ற ஒன்று தன் நிகழ்ச்சிகளில் குறைந்தது 60 விழுக்காட்டை இனக்குழுக்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றும், குறைந்தது 50 விழுக்காடு ஆங்கிலமும் பிரெஞ்சும் பூர்வகுடி மொழிகளும் அல்லாத மொழிகளில் இருக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. எத்தனை குழுக்களுக்கு, எத்தனை மொழிகளில் சேவை செய்ய வேண்டும் என்பது அந்தந்த நிலையத்துக்கான நிபந்தனைகளில் எழுதப்படும். டொரன்டோவில் ஒரு தமிழ்ச் சங்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்த 60 விழுக்காட்டில் தமிழுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், அதுவும் மாலையிலா நள்ளிரவிலா என்பதே அச்சங்கத்தின் உண்மையான கேள்வி. விழுக்காடு நிறைவேறிய பின்னும் ஒரு மொழி நள்ளிரவுக்குத் தள்ளப்படலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நிபந்தனை எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதற்கு ஓம்னி என்னும் பல்மொழித் தொலைக்காட்சி நல்ல எடுத்துக்காட்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உரிமையாளரான ரோஜர்ஸ் நிறுவனம் ஓம்னியின் பிறமொழிச் செய்தி அறிக்கைகளை நிறுத்தியபோது, அச்செய்திகளை நம்பியிருந்த சமூகங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. 2017இல் கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் தம் அடிப்படை அலைவரிசைத் தொகுப்பில் ஓம்னியை நாடெங்கும் கட்டாயமாகக் கொண்டுசெல்ல ஆணையம் உத்தரவிட்டு, ஒரு சந்தாதாரருக்கு மாதம் 12 சதம் என விலையும் வகுத்தது. அதற்கு ஈடாக இத்தாலியம், மாண்டரின், கன்டோனீஸ், பஞ்சாபி ஆகிய நான்கு மொழிகளில் தேசியச் செய்தி அறிக்கைகளை வழங்கும் பொறுப்பு நிறுவனத்தின்மேல் விழுந்தது. ‘பல்கலாசாரத்தை மதியுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளை இவ்வாறு மொழியும் அளவுமாக யாராலும் அளந்து பார்க்க முடியாது.

இனி எழுதும் முறை. விண்ணப்பத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, கருத்து மட்டும் சொல்கிறீர்களா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். விதிகள் அதைக் கோருகின்றன. அடுத்து நீங்கள் யார், எந்தக் கேட்போருக்காகப் பேசுகிறீர்கள் என்பது வர வேண்டும். அதன் பிறகு சான்றுகள்: ஒரு மாத நிகழ்ச்சி அட்டவணையை நாள், நேரம், மொழி எனக் குறித்துவைத்து, விண்ணப்பதாரர் முன்பு கொடுத்த வாக்குறுதியோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒரு பக்கம், உருக்கமான பத்துப் பக்கங்களைவிட எடை மிக்கது. இறுதியில் நீங்கள் கேட்கும் நிபந்தனையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி ஒலிபரப்பப்பட வேண்டும்’ என்பது போல. பத்திகளுக்கு எண் இடுங்கள். ஐந்து பக்கங்களைத் தாண்டினால் சுருக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஆணையத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதால், தமிழில் கூடிப் பேசி முடிவெடுத்த பின் நல்ல மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்குவது அவசியம்.

ஒரே வாசகத்தைப் பிரதி எடுத்து நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதைவிடச் சிறந்தது ஒன்று உண்டு: ஒத்த கருத்துடையோரின் கடிதங்களை ஒரே கோப்பாகத் திரட்டி அனுப்பும் கூட்டு ஆதரவுக் கருத்துரை என்னும் வழியை ஆணையமே அனுமதிக்கிறது. அதிலும் ஒவ்வொருவரும் தாம் கேட்கும் நிகழ்ச்சியைப் பற்றித் தம் சொற்களில் இரண்டு வாக்கியமாவது எழுதுவது நல்லது.

தனி அறிவிக்கை இன்றி ஆணையத்தின் இணையத்தளத்தில் வெளியிடப்படும் பகுதி 1 விண்ணப்பம் எனப்படும் வகைக்கு, அது வெளியான நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. பிற அறிவிக்கைகளில் கடைசி நாள் தனியே குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாளில் வான்கூவர் நேரம் மாலை 5 மணிக்குள், அதாவது டொரன்டோ நேரம் இரவு 8 மணிக்குள், கருத்துரை ஆணையத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். இணையத்தளப் படிவத்தின் வழியாகவோ அஞ்சலிலோ அனுப்பலாம். பகுதி 1 விண்ணப்பம் என்றால் விண்ணப்பதாரருக்கும் ஒரு படி சேர வேண்டும். நீங்கள் அனுப்பியது முகவரி உட்பட அப்படியே பொதுப் பதிவில் ஏறும் என்பதால், உறுப்பினர்களின் வீட்டு முகவரிக்குப் பதிலாகச் சங்கத்தின் அஞ்சல் முகவரியைக் கொடுப்பது விவேகம். பொது விசாரணையில் பேச விரும்பினால், அதற்கான காரணத்தையும் இக்கருத்துரையிலேயே சொல்லிவிட வேண்டும். கிடைத்தது என்று பதில் கடிதம் வராது. அதற்காகக் கலங்க வேண்டாம்.

உரிமம் வழங்கும் முடிவு பாதகமாக அமைந்தால், 45 நாட்களுக்குள் மத்திய அமைச்சரவைக்கு மனுச் செய்யச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடமளிக்கிறது. சாதகமாக அமைந்தால் புதிய நிபந்தனை நடைமுறையில் இருக்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பு தொடங்குகிறது. வானொலி நிலையங்கள் தம் ஒலிபரப்பின் பதிவை நான்கு வாரங்கள் மட்டுமே வைத்திருக்கக் கடமைப்பட்டவை. புகார் ஒன்று வந்தால் எட்டு வாரங்கள். ஆகவே விடுபட்ட நிகழ்ச்சியின் நாளையும் நேரத்தையும் அன்றே குறித்துவைத்து, அந்த நான்கு வாரங்களுக்குள் ஆணையத்துக்கு எழுதிவிட வேண்டும்.