ஒரே திராட்சை, மூன்று நிலங்கள்: ரீஸ்லிங் ஒயினைச் சுவைத்து ஒப்பிடும் முறை

வெள்ளை ஒயினைச் சுவைத்துப் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வாரம் ஒரு பாட்டிலாக, ஒவ்வொரு முறையும் வேறு வேறு திராட்சையில் செய்ததை வாங்கித் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓராண்டு சென்ற பிறகும் எது பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்ததே தவிர, ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே திராட்சையில் மூன்று நிலங்களில் செய்த ஒயின்களை அருகருகே வைத்துச் சுவைத்த ஒரு மாலையில்தான் எனக்கு வழி பிடிபட்டது. ஒயின் ஒப்பீட்டால்தான் பிடிபடும் என்பதை அன்று முதல் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் திராட்சை ரீஸ்லிங். இதன் இயல்பான புளிப்பு மிகத் தெளிவானது. புதிய ஓக் பீப்பாயின் வாசனையை இதன்மேல் ஏற்றும் வழக்கமும் அரிது. ஆகையால் விளைந்த நிலத்தின் வேறுபாடு மறைவின்றித் தெரியும். நிலங்கள் ஜெர்மனியின் மோசல், பிரான்சின் அல்சாஸ், ஆஸ்திரியாவின் வாஹாவ்.

படி 1: லேபிளைப் படித்து வாங்குதல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ஒப்பீட்டின் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும். மோசல் ஒயினில் ‘கபினெட்’ என்ற சொல் இருப்பதையும், ‘ட்ரோக்கன்’ என்ற சொல் இல்லாததையும் பார்த்து வாங்குங்கள். கபினெட் என்பது அறுவடையின்போது திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரையைக் கொண்டு வகுக்கப்பட்ட படிநிலைகளில் முதலாவது. ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்று அடுத்தடுத்த நிலைகள் அதற்கு மேலே ஏறுகின்றன. ட்ரோக்கன் என்றால் இனிப்பு நீங்கியது என்று பொருள். நமக்கு இங்கே வேண்டியது சற்று இனிப்புள்ள ஒயின்.

அல்சாஸ் ஒயினில் ‘செக்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதுவும் இனிப்பில்லாதது என்றே சொல்கிறது. 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயின்கள் இனிப்பின் அளவை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதற்கு முன் பாட்டிலைத் திறந்தால்தான் தெரியும் என்ற நிலை இருந்ததால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. வாஹாவில் 1983இல் தொடங்கப்பட்ட வினேயா வாஹாவ் என்ற உற்பத்தியாளர் சங்கம் மூன்று வகைகளை வைத்திருக்கிறது: ஆல்கஹால் 11.5 விழுக்காட்டைத் தாண்டாத ஷ்டைன்ஃபெடர், 11.5 முதல் 12.5 வரையுள்ள ஃபெடர்ஷ்பீல், 12.5க்குக் குறையாத ஸ்மராக்ட். கடைசி வகைக்கு, வாஹாவ் திராட்சைத் தோட்டங்களின் கல்வரப்புகளில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் ஒப்பீட்டுக்கு நடுவிலுள்ள ஃபெடர்ஷ்பீல் போதும். மூன்றும் ஒரே ஆண்டு அறுவடையாகக் கிடைத்தால் நல்லது. ஓராண்டு முன்பின் இருந்தாலும் பாதகமில்லை.

வாங்கியதும் லேபிளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள ஆல்கஹால் அளவை மூன்றிலும் பாருங்கள். கபினெட்டில் எட்டு அல்லது ஒன்பது விழுக்காடுதான் இருக்கும். மற்ற இரண்டில் பெரும்பாலும் பன்னிரண்டை ஒட்டி இருக்கும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகிறது. கபினெட்டில் நொதித்தலை நடுவிலேயே நிறுத்திவிடுவதால், ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடுகிறது. ரீஸ்லிங் பாட்டிலில் ஆல்கஹால் அளவு மிகக் குறைவாக இருந்தால் உள்ளே இனிப்பு இருக்கிறது என்று திறக்காமலே ஊகிக்கலாம்.

படி 2: எலுமிச்சை நீரில் ஒரு பயிற்சி

ஒயினைத் திறப்பதற்கு முன் மூன்று தம்ளர்களில் தலா 200 மில்லிலிட்டர் தண்ணீர் எடுங்கள். முதலாவதில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டாவதில் அதே அளவு சாற்றுடன் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, மூன்றாவதில் சர்க்கரை மட்டும் கலக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, விழுங்கிய பின் பத்து நொடிகள் வாயைச் சற்றே திறந்தபடி காத்திருங்கள். புளிப்பு உள்ள இரண்டிலும் நாக்கின் ஓரங்களிலும் தாடையின் உட்புறத்திலும் எச்சில் ஊறும். சர்க்கரை நீரில் அந்த அளவுக்கு ஊறாது.

இந்தப் பயிற்சியைத் தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது தம்ளரை நாக்கு ‘புளிப்பு குறைவு’ என்றுதான் முதலில் சொல்லும். ஊறும் எச்சில் அதை மறுக்கும். புளிக்குழம்பில் புளிப்பு தூக்கலாகிவிட்டால் ஒரு துண்டு வெல்லம் போட்டுச் சரிசெய்கிறோம். புளி அப்படியேதான் இருக்கிறது, நாக்குக்கு மட்டும் அது அடங்கித் தெரிகிறது. மோசல் கபினெட்டில் நடப்பதும் அதுவே. இரண்டாவது தம்ளரில் லிட்டருக்கு 40 கிராம் என்ற கணக்கில் சர்க்கரை இருக்கிறது. பல கபினெட் ஒயின்களில் இதை ஒட்டிய அளவு உண்டு. அவை திகட்டாமல் இருப்பது புளிப்பினால்தான்.

படி 3: குளிர்ச்சியும் கோப்பையும்

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் வாசனை அடைபட்டிருக்கும். முதன்முறை நண்பர்களுக்காக ஏற்பாடு செய்தபோது பாட்டில்களைப் பனிக்கட்டி வாளியிலேயே வைத்திருந்தேன். மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று எல்லோரும் சொன்னார்கள். 10 டிகிரி செல்சியஸ் அளவு பொருத்தமானது. அதற்குக் கால் மணி நேரம் முன்பாக வெளியே எடுத்தால் போதும். அறை வெப்பமாக இருந்தால் பத்து நிமிடம்.

மூன்று கோப்பைகளும் ஒரே வடிவில், வாய் சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். சுழற்றுவதற்கு இடம் வேண்டும். துப்புவதற்கு ஒரு குவளையையும் மேசைமேல் வையுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுவதுதான் வழக்கம். விழுங்கினால் மூன்றாவது கோப்பைக்கு வரும்போது கவனம் மங்கிவிடும். சட்டப்படி வயது வராதவர்களுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டாம்.

படி 4: பார்ப்பதும் முகர்வதும்

நிறத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்தால், இளம் ரீஸ்லிங் பச்சை கலந்த வெளிர் மஞ்சளாகவும் முதிர்ந்தது பொன்னிறமாகவும் தெரியும். அடியில் சர்க்கரைத் துகள் போலப் படிந்திருந்தால் அவை டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்கள், கெடுதல் இல்லை.

முதலில் சுழற்றாமல் ஒரு முறையும், சுழற்றிய பின் ஒரு முறையும் முகருங்கள். ஈரம் பட்ட அட்டைப்பெட்டியின் பூஞ்சை நாற்றம் வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. அந்தப் பாட்டிலை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. வாசனைகளுக்குப் பெயர் தேடி மலைக்க வேண்டியதில்லை. மோசலில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் முன்னே நிற்கும். வாஹாவில் அதோடு பீச் பழத்தின் சாயல் இருக்கும். அல்சாஸில் பழவாசனை இன்னும் கனிந்து வரும். ரீஸ்லிங் சில ஆண்டுகள் முதிர்ந்தால் மண்ணெண்ணெய் வாசனை ஒன்று எழும். ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்போடு வளர்ந்தவர்கள் ஒரே முகர்வில் கண்டுகொள்வார்கள். திராட்சையின் கரோட்டினாய்டுகளிலிருந்து பிறக்கும் டிடிஎன் என்ற சேர்மமே அதற்குக் காரணம். பழத்தின் மேல் வெயில் அதிகம் பட்டால் அதுவும் கூடும். அளவோடு இருந்தால் அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

படி 5: வாயில் வைத்து ஒப்பிடுதல்

இனிப்பில்லாத இரண்டையும் முதலில் சுவையுங்கள், கபினெட்டைக் கடைசியில் வையுங்கள். வரிசை மாறினால் இனிப்புக்குப் பின் மற்ற இரண்டும் வெறும் காடியாகத் தோன்றும். ஒரு சிறு வாய் எடுத்து, ஐந்து நொடிகள் நாக்கு முழுவதும் பரவவிட்டு, உதடுகளைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்துத் துப்புங்கள். பிறகு மூன்று கேள்விகளை மட்டும் எழுதிப் பதில் சொல்லுங்கள். எச்சில் எவ்வளவு ஊறியது? வாயில் அது தண்ணீர்போல நின்றதா, பால்போல நின்றதா? துப்பிய பின் எத்தனை நொடிகள் சுவை தங்கியது?

இப்போது நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோசல் ஏறக்குறைய 50ஆவது வடக்கு அட்சரேகையில், திராட்சை பழுக்கவே போராடும் குளிரில் இருக்கிறது. அங்கே ப்ரெம் என்ற ஊருக்கு மேலுள்ள கால்மோன்ட் சரிவு சுமார் 65 டிகிரி செங்குத்தானது. பகலில் சூடேறும் சிலேட்டுப் பாறை இரவில் அந்த வெப்பத்தைக் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு குறையாமல் நிற்கிறது. அல்சாஸுக்கு மேற்கே வோஜ் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுகிறது. கொல்மார் பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த ஊர்களில் ஒன்று. அந்த வெயிலும் வறட்சியும்தான் உங்கள் கோப்பையில் கனமாக நின்றவை. வாஹாவில் டான்யூப் நதிக்கு மேலே கல்லடுக்கிய வரப்புகளில் கொடி நிற்கிறது. பகலில் கிழக்கிலிருந்து வெப்பக் காற்றும் இரவில் வடக்குக் காடுகளிலிருந்து குளிர்ந்த காற்றும் இறங்குவதால் பழம் கனிந்தும் புளிப்பு கூர்மையாகவே இருக்கிறது. பாறையின் சுவை வேர் வழியாக ஒயினில் ஏறுகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வதை அறிவியல் ஆதரிக்கவில்லை. பாறை வெப்பத்தையும் நீரையும் ஆள்வதன் மூலமே சுவையை மாற்றுகிறது.

படி 6: மறைத்து வைத்துச் சோதித்தல்

வீட்டிலுள்ள ஒருவரிடம் பாட்டில்களைத் தாளில் சுற்றி எண்ணிடச் சொல்லுங்கள். கபினெட்டை இனிப்பே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டையும் பிரிப்பதுதான் உண்மையான சோதனை. எழுதி வைத்த எச்சில் குறிப்பையும் கனத்தின் குறிப்பையும் கொண்டு முடிவுசெய்யுங்கள், வாசனையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னால், எந்தக் குறிப்பு உங்களை ஏமாற்றியது என்பதை அதே தாளில் குறித்துவிடுங்கள். மீதியைத் தக்கையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் மாலை அதே வரிசையில் ஒரு வாய் சுவையுங்கள். முதல் நாள் அடங்கியிருந்த வாஹாவ் ஒயின் காற்றுப் பட்டுத் திறந்துகொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குறிப்பை முதல் நாள் குறிப்பின் அருகிலேயே தேதியோடு எழுதி வையுங்கள்.