அவுரி நீலம்: அடுக்குமாடி வீட்டில் ஒரு பானைச் சாயம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் முதல் பானை இதனால்தான் வீணாய்ப் போனது. இங்கே பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் போய் "அவுரி இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது தலைமுடிக்குப் போடும் அவுரி இலைப்பொடி. பச்சையாக, காய்ந்த வைக்கோல் வாசனையோடு இருக்கும். மருதாணி போட்ட முடியின்மேல் அதைக் குழைத்துத் தடவினால் கருப்பு ஏறும், அதில் சந்தேகமில்லை. துணிச் சாயப் பானைக்கு மட்டும் அது ஆகாது. நான் அரைக் கிலோ வாங்கிச் சுண்ணாம்பு சேர்த்து இரண்டு நாள் காத்திருந்தேன், கடைசியில் நல்ல வெள்ளைத் துண்டு ஒன்று பாசி நிறத்தில் வெளியே வந்தது.

நமக்கு வேண்டியது இலை அல்ல, இலையிலிருந்து எடுத்த நீலம். அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து நொதிக்க விடுவார்கள், அப்புறம் அந்தத் தண்ணீரை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றி நன்றாக அடித்துக் கலக்குவார்கள், காற்றுப் பட்டதும் நீலம் திரண்டு அடியில் படியும், அதை வடித்துக் காயவைத்தால் கட்டி. தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கம் இன்றும் இப்படி எடுக்கிறார்கள். இங்கே இருந்து இணையத்தில் வரவழைக்கலாம். கட்டியை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கீறிய இடம் செம்பு போல மின்னினால் நல்ல சரக்கு.

இன்னொரு குழப்பமும் உண்டு. அம்மா காலத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அலசும்போது போடுவார்களே ஒரு நீலக்கட்டி, மலாய்க்காரர்களும் அதை 'நீலா' என்றே சொல்வார்கள், அது அல்ட்ராமெரின் என்ற வேறு பொருள். துணியில் பிடித்து நிற்காது. செயற்கை அவுரியும் கடைகளில் உண்டு. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் செடி நீலத்தின் வியாபாரம் படுத்தது. இரண்டிலும் நிறம் தருகிற மூலக்கூறு ஒன்றே, அதனால் பார்வைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. செடியிலிருந்து எடுத்ததுதான் வேண்டும் என்றால், என்ன செடி, எந்த ஊரில் எடுத்தது என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

பிரான்சைச் சேர்ந்த இயற்கைச் சாய வல்லுநர் மிஷேல் கார்சியா பரப்பிய 1-2-3 முறையைத்தான் நான் வீட்டில் செய்கிறேன். நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, ஃப்ரக்டோஸ் எனும் பழச்சர்க்கரை மூன்று பங்கு, எல்லாம் எடைக்கணக்கு. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு நீலப்பொடி 25 கிராம், சுண்ணாம்பு 50 கிராம், ஃப்ரக்டோஸ் 75 கிராம் எடுத்துக்கொண்டால் நடுத்தர நீலம் வரும். ஒரு டீசட்டையும் சில கைக்குட்டைகளும் பழகிப் பார்க்க இது போதும்.

சுண்ணாம்பு என்றால் நீற்றிய சுண்ணாம்புப் பொடி, இங்கே 'காப்பூர்' என்று கேளுங்கள், செண்டோலுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் போடுபவர்கள் வாங்குவதும் இதைத்தான். வெற்றிலைக்குத் தடவும் ஈரச் சுண்ணாம்பில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது, எடை தப்பிவிடும், முதல் தடவை அது வேண்டாம். ஃப்ரக்டோஸ் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாதாரணச் சீனி சரிவராது. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை வேகவைத்து வடித்த தண்ணீரிலும் செய்யலாம், ஆனால் அதில் இனிப்பு எவ்வளவு என்று அளக்க முடியாது என்பதால் இரண்டாவது பானைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்து நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அது அருமையான முறை, ஆனால் வாசனை அடுத்த வீடு வரைக்கும் போகும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பானை எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சாயத்துக்கு எடுத்த பானையில் திரும்பவும் சமைக்காதீர்கள். ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் கட்டாயம், சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்வதானால் சுண்ணாம்பு கலக்கும் வரை அவர்கள் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

துணி

பருத்தி, லினன், பட்டு எல்லாம் நீலம் ஏற்கும், பாலியெஸ்டர் ஏற்காது. முதல் தடவைக்குக் காடாத்துணி நல்லது, துணிக்கடையில் 'காயின் பெலாச்சு' என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். புதுத்துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும், ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும், அத்தனையும் துணியில் இருந்த அழுக்கு. இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் அப்புறம் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். மற்ற இயற்கைச் சாயங்களுக்குக் கடுக்காய், படிகாரம் என்று முன்வேலை உண்டு, அவுரிக்கு அது எதுவும் தேவையில்லை.

கோலம் வேண்டுமானால் இப்போதே கட்டிவிடுங்கள். மதுரைச் சுங்குடிப் புள்ளி போடுவது போலத் துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து, நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிக் கட்டினால், அவிழ்க்கும்போது அந்த இடம் வெள்ளை வளையமாக நிற்கும். மலாய்க்காரர்களின் 'காயின் பெலாங்கி'யும் இதே கட்டுச்சாய வேலைதான். நம் ஆட்கள் உடுத்தும் 'காயின் பெலிக்காட்' கைலிக்குப் பெயரே பழவேற்காட்டிலிருந்து வந்தது, பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் புலிக்காட் என்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்தவர்களின் பெயர் இங்கே சூலியா தெருவாக நிற்கிறது. அந்தத் தெரு வழியாகப் போகிற ஒவ்வொரு தடவையும் இந்த வேலை நமக்குப் புதிதில்லை என்று எனக்குத் தோன்றும்.

பானை சேர்ப்பது

நீலம் தண்ணீரில் கரையாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கரையாத பொருள் நூலுக்குள் போக முடியாது, அதனால் அதைத் தற்காலிகமாகக் கரைய வைக்கிறோம். ஃப்ரக்டோஸ் நீலத்தை ஒடுக்குகிறது, பள்ளியில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படித்தோமே அந்த ஒடுக்கம், சுண்ணாம்பின் காரம் அதைக் கரைக்கிறது. கரைந்த நிலையில் அதற்கு நீல நிறமே இல்லை, மஞ்சள்தான். துணியோடு வெளியே வந்து காற்றுப் பட்டதும் திரும்ப நீலமாகி, கரையாத பொருளாகி, நூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

நீலப்பொடியை ஒரு மூடி போட்ட பாட்டிலில் போட்டு, ஐந்தாறு கோலிக்குண்டும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். கட்டி இல்லாமல் மாவு போல ஆகவேண்டும். பானையில் ஐந்து லிட்டர் தண்ணீரை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, முதலில் இந்த நீலக் கரைசல், அடுத்து ஃப்ரக்டோஸ், கடைசியாகச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். கலக்குவது மெதுவாக, ஒரே பக்கமாகச் சுற்றி. மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுவது போல நுரைக்க நுரைக்கக் கலக்கினால் காற்று உள்ளே போய், ஒடுங்கிய நீலம் மறுபடி பழைய நிலைக்கே போய்விடும். மூடிவைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் திரும்ப ஒரு கலக்கல், அப்புறம் இன்னொரு அரைமணி.

பானையின் முகம்

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் இதுதான், அளவு எல்லாம் இதற்கு அப்புறம். மூடியைத் திறந்தால் மேலே செம்புத்தகடு விரித்த மாதிரி ஒரு ஆடை படர்ந்து, நடுவில் கருநீல நுரை கூடி நிற்க வேண்டும். கரண்டியால் ஆடையை ஒதுக்கிப் பாருங்கள், கீழே தண்ணீர் தேன் நிறத்திலோ பழுப்பு மஞ்சளிலோ தெளிவாக இருந்தால் பானை தயார். தண்ணீர் நீலமாகவே இருக்கிறதா? இன்னும் ஒடுங்கவில்லை, லேசாகச் சூடாக்கி, ஒரு கரண்டி ஃப்ரக்டோஸ் சேர்த்து, காத்திருங்கள். பிஎச் தாள் வாங்கி வைத்திருந்தால் 10க்கும் 11க்கும் நடுவில் காட்ட வேண்டும், அதற்குக் கீழே போனால் சுண்ணாம்பு கொஞ்சம் சேருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அள்ளிப் போடாதீர்கள், எது குறை என்று தெரியாமலே போய்விடும்.

முக்கி எடுப்பது

அடியில் சுண்ணாம்பு வண்டல் தங்கியிருக்கும், துணி அதைத் தொடாமல் இருக்கக் கம்பிவலை ஒன்றை உள்ளே வையுங்கள். நுரையை எடுத்து ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிவிடுங்கள், கடைசியில் திரும்பப் போடலாம். துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஓரமாகச் சாய்த்து, சத்தமில்லாமல் இறக்குங்கள். உள்ளே மடிப்புகளை விரலால் திறந்துவிட்டுக்கொண்டே இரண்டு நிமிடம். எடுக்கும்போது தண்ணீருக்குள்ளேயே பிழிந்துகொண்டு எடுக்க வேண்டும், மேலிருந்து சொட்டினால் ஒவ்வொரு சொட்டும் காற்றை உள்ளே கொண்டுபோகும்.

வெளியே வரும் துணி வாழைக்குருத்தின் நிறத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டே இருங்கள். விளிம்பிலிருந்து தொடங்கும், முதலில் கிளிப்பச்சை, அப்புறம் மயில்கழுத்து, மடிப்பு மறைத்த இடம் மட்டும் இன்னும் பச்சையாக நிற்க, பிரித்து விட்டதும் அதுவும் ஓடிப்போய் நீலத்தோடு சேர்ந்துகொள்ளும். எத்தனை தடவை செய்தாலும் இந்த இடத்தில் நான் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பேன்.

நிழலில் கொடியில் பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு, திரும்ப முக்குங்கள். ஆழமான நிறம் வேண்டும் என்று முதல் தடவையே அரைமணி நேரம் ஊறப்போட்டால் மேலே அப்பி, காய்ந்ததும் கையில் ஒட்டும். இரண்டு நிமிடம், பதினைந்து நிமிடம், இப்படி ஐந்தாறு முறை போனால்தான் நிற்கும் நீலம். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் இரண்டு படி வெளுக்கும். பினாங்கில் மத்தியானத்துக்கு மேல் மழை வரும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

அலசுவதும் பானையை வைத்துக்கொள்வதும்

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் கலந்து துணியை ஊறவைத்தால் சுண்ணாம்பின் காரம் போகும், பிறகு நல்ல தண்ணீர், பிறகு மிதமான சோப்பு. நூலை அவிழ்ப்பது இதற்குப் பிறகுதான். முதல் சில சலவைக்குத் தனியாகவே துவையுங்கள். "நீலா செதித்திக், ரோசாக் சூசு செபெலாங்கா", ஒரு சொட்டு நீலம் ஒரு பானைப் பாலைக் கெடுக்கும் என்று மலாயில் சொல்வார்கள், வெள்ளைச் சட்டைகளுக்கும் அதே கதிதான்.

பானையைக் கொட்ட வேண்டியதில்லை. ஒதுக்கிய நுரையைத் திரும்பப் போட்டு, மூடி, ஓர் ஓரமாக வையுங்கள். அடுத்த வாரம் சூடாக்கிக் கொஞ்சம் ஃப்ரக்டோஸ் போட்டால் எழுந்துகொள்ளும். பல முறை முக்கிய பிறகும் துணி வெளிர்நீலத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் நீலம் தீர்ந்துவிட்டது. அப்போது நுரைக்க நுரைக்கக் கலக்கி, ஒரு நாள் திறந்து வைத்து, வினிகர் விட்டு பிஎச் 7 பக்கம் வந்ததும் தெளிந்த நீரைக் குளியலறைக் குழாயில் ஊற்றுங்கள். அடியில் தங்கிய வண்டலைப் பழைய துணியில் வடிகட்டிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், அதை லொங்காங்கில், அதாவது தெருச் சாக்கடையில், கொட்டக் கூடாது.