உப்புக்காற்றைத் தாங்கும் நவீன அடுப்பங்கரை: கடலோர வீடுகளுக்குப் படிப்படியாக

மாடுலர் கிச்சன் படங்களைக் காட்டுகிறவர்கள் யாரும் பாம்பனையோ தொண்டியையோ கீழக்கரையையோ மனதில் வைத்து அவற்றை வரைவதில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்துக்குத் துருவோடு ஓயாத சண்டை. 2025இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையே போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால் அலமாரிக் கீல் எம்மாத்திரம்? நிறம், கைப்பிடியெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: காற்றைப் பார்த்து அடுப்பை வையுங்கள்

அறையை ஒரு தாளில் வரைந்து, கதவு சன்னல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் தென்மேற்குக் காற்று மணலோடு வரும். தெற்கு, மேற்கு சன்னல்களுக்கு நேரே அடுப்பு இருந்தால் தீ அலைந்து அணைந்துவிடும். கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அக்கினி மூலை தென்கிழக்கு என்று கொத்தனார் சொல்வார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மூலையின் தெற்குச் சுவரில் சன்னல் வேண்டாம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் நிற்கும் அலமாரியில் தரையை ஒட்டித் துளைகள் வேண்டும்.

படி 2: மேடை

முழங்கையை மடக்கி நில்லுங்கள். அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் இடுப்பு வலிக்காது. பெரும்பாலோருக்கு 80 முதல் 85 செ.மீ. வரும். அகலம் 60 செ.மீ. போதும். கல் என்றால் கிரானைட்தான். பளிங்கிலும் கடப்பைக் கல்லிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, மீன் குழம்புக்குக் கரைத்த புளி சிந்தினால் மெருகு போய்விடும்.

படி 3: அலமாரி

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். துகள் பலகையும் எம்.டி.எஃப். பலகையும் ஈரம் பட்டால் ஊதிவிடும். பிளைவுட் வாங்கினால் ‘மரைன்’ (தண்ணீர் தாங்கும் ரகம்) என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது, பலகையில் ஐ.எஸ். 710 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். அறுத்த ஓரங்களையும் குழாய்க்காகப் போட்ட ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான்.

என்னைக் கேட்டால், மேடைக்குக் கீழே பலகையே வேண்டாம். செங்கல் தடுப்பும் கடப்பைக் கல் தட்டும் வைத்து, முன்னால் கதவை மட்டும் மாட்டுங்கள். கதவை மூடினால் வித்தியாசம் தெரியாது. தட்டில் புளி சிந்தினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

கீல், டிராயர் தண்டவாளம் ஆகியவற்றுக்கு 304 ரக எவர்சில்வர் கேளுங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. மலிவான 202 ரகத்தில் நிக்கல் குறைவு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்பதை நம்பாதீர்கள்; இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால், மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும்.

நல்ல கீலை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆசாரி பக்கத்திலேயே இருங்கள். பையிலிருந்து இரும்புத் திருகாணியை எடுத்து முடுக்கிவிட்டால், கீல் பளபளவென்று இருக்க, திருகாணித் தலையிலிருந்து செந்நிறக் கோடு கதவில் வழியும்.

படி 4: மீனும் தண்ணீரும்

ஒரு கூறு சூடை மீன் வாங்கினால் செதில் சுவரெல்லாம் ஒட்டும். மீன் ஆய்வதற்குக் கொல்லையில் தனி சிங்க், அருகே அரிவாள்மனை போட ஒரு கல், தோள் உயரத்துக்கு டைல்ஸ் இருக்கட்டும். வடிகாலில் கழற்றிக் கழுவும் சல்லடை கட்டாயம். உள்ளே ஒரே சிங்க் போதும், 20 செ.மீ.க்குக் குறையாத ஆழம் இருந்தால் மீன்சட்டி அடங்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய் இரண்டு வரிசை: பாத்திரம் கழுவ ஒன்று, சமையலுக்கான நல்ல தண்ணீருக்கு ஒன்று. குடங்களுக்கு முழங்கால் உயரத்தில் தனி மேடை கட்டுங்கள். எந்த வடிவமைப்புப் படத்திலும் குடத்துக்கு இடம் இருக்காது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: புகையும் நிறமும்

சிம்னி வைத்தால் குழாய் வெளியே போகும் வகைதான் வேண்டும். மற்றது வடிகட்டிய காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். அடுப்புக்கு மேலே 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடுங்கள். வெளிவாய் கச்சானுக்கு எதிர்முகமாக இருக்கக் கூடாது. கருவாடு வறுக்க மட்டும் கொல்லையில் ஓர் அடுப்பு வைத்துக்கொள்வதே உத்தமம்.

நிறம் வெளிர், பூச்சு மங்கல். பளபளக்கும் கறுப்பில் உப்புப்படலம் அன்றாடம் தெரியும், துடைத்து மாளாது.