எடுப்பித்தவரும் எடுத்தவரும்: சோழநாட்டுப் பழங்கதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையில் பிறந்து எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சோழர் காலத்தில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பதினெட்டாம் பெருக்கன்று நுங்கும் நுரையுமாகப் புதுவெள்ளம் வர, அரசிளங்குமரி ஒருத்தி காதோலையும் கருகமணியும் ஆற்றில் விடுவதாக என் முதல் கதை இருந்தது. எழுதி முடித்ததும் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். வாழ்நாள் முழுவதும் நடவு நட்ட அவர், வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம சனம் எங்கய்யா இருக்கு?" என்றார். என் கதையில் ஓடக்காரனுக்கு முகம் இல்லை. பல்லக்குத் தூக்கியவர்களுக்குத் தோள் வலிக்கவில்லை. கரையில் பரிமாறிய சித்திரான்னத்துக்கு நெல் குத்தியவர் எவரும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஆண்டுகளில் கற்றுக்கொண்ட முறைகளை இங்கே எழுதுகிறேன். 1950களில் வார இதழ்களில் தொடராக வந்த சோழர் கதைகள் நம் வீடுகளில் வரலாற்றின் மேல் பெரிய ஆசையை உண்டாக்கின. அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆனால் அந்த ஆசையின் கூடவே ஒரு மறதியும் வந்து சேர்ந்தது. கோபுரத்தையும் குதிரையையும் நிலவொளியையும் வாங்கிக்கொண்ட நாம், அதே கல்லில் அதே உளியால் வெட்டப்பட்டிருந்த மற்றவற்றைப் படிக்காமல் விட்டோம். இருண்ட பக்கத்தைக் கதைக்காகக் கற்பனை செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது பதிவாகி இருக்கிறது.

உங்கள் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு, அரசன் எழுவாயாக வரும் வினைச்சொற்களை முதலில் அடிக்கோடிடுங்கள். கோயில் கட்டினான், ஏரி வெட்டினான், கரை எழுப்பினான் என்று வரிசையாக வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டச் செய்த கல்வெட்டோ "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி", அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில், என்கிறது. எடுத்த என்று சொல்லாமல் எடுப்பிச்ச என்று சொல்கிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை அரசனின் ஆணையே மறைக்காமல் வைத்திருக்க, ஆயிரம் ஆண்டு கழித்து எழுதும் நாம் அதை அழித்துவிடுகிறோம். ஆகவே, அடிக்கோடிட்ட ஒவ்வொரு வினையையும் பிறவினையாக மாற்றிப் பாருங்கள்: கட்டுவித்தான், வெட்டுவித்தான், எழுப்புவித்தான். மாற்றிய உடனே "யாரைக் கொண்டு?" என்ற கேள்வி தானாக எழும். "கட்டப்பட்டது", "அளிக்கப்பட்டது" என்ற செயப்பாட்டு வினைகளையும் இதே போலச் சோதியுங்கள், ஏனெனில் செய்தவரை ஒளித்துவைக்க அவற்றைவிட வசதியான இடம் தமிழில் இல்லை.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களை எல்லாம் கதையில் கொட்டிவிட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு போதும். காவிரிப் படுகை வண்டல் மண். இங்கே பாறை கிடையாது. பெரிய கோயிலின் ஒவ்வொரு கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. ஐப்பசி அடைமழையில் இந்த மண்ணில் பாரவண்டியின் சக்கரம் எவ்வளவு ஆழம் புதையும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். கோயிலின் பெருந்தச்சன் குஞ்சர மல்லனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வண்டியைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டவர்களின் பெயர் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் "வெட்டி" என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய உழைப்புக்கு அது பெயர். பயனற்ற வேலையை இன்று நாம் வெட்டி வேலை என்கிறோமே, அந்தச் சொல்லை உங்கள் பாத்திரம் பேசும்போது அதன் பழைய பொருளோடு பேசவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கதையிலேயே மிக அழகான பொருள் எது என்று பார்த்து, அது யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். பூம்புகாரை எழுதுகிறவர்கள் எல்லோரும் விளக்குகளை எழுதுவார்கள். சங்கப் பாட்டான பட்டினப்பாலையிலும் அந்தி வேளையில் ஏற்றிய நந்தா விளக்கு வருகிறது. மெழுகிய தரையில் பூ தூவியிருக்கிறது. பலர் வந்து தொழுகிறார்கள். அந்த விளக்கை ஏற்றியவர்களைக் "கொண்டி மகளிர்" என்கிறார் புலவர். போரில் பகைவரிடமிருந்து கவர்ந்துவரப்பட்ட பெண்கள் என்பது அதன் பொருள். நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, ஈரம் காயாத கையோடு, தன் ஊரை அழித்தவர்களின் ஊரில் விளக்கேற்றும் ஒரு பெண்ணைப் புலவர் ஒரே சொல்லில் காட்டிவிட்டுப் போகிறார். கரிகாலனைப் புகழ்வதற்கென்றே பாடிய பாட்டு அது. புகழ்ந்தவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? உங்கள் பூம்புகாரில் விளக்கு எரியட்டும். அதன் திரியைத் தூண்டும் விரல்களையும் அந்த வெளிச்சத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாவது முறைதான் நேரம் பிடிப்பது. கல்வெட்டைக் கடைசி வரிவரை படியுங்கள். நம்மவர்கள் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறார்கள். வென்ற நாடுகளின் பட்டியல் முடிந்ததும் நிலத்தின் எல்லை, நெல்லின் அளவு, ஆள்களின் பெயர் என்று சலிப்பூட்டும் பகுதி தொடங்கும். கதை அங்கேதான் இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 2ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரியில்லாமல் கழித்த நிலங்களைச் சொல்லும் இடத்தில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று வந்து, பிறகு கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும், சுடுகாடு தனியாக, பறைச்சுடுகாடு தனியாக என்றும் வருகிறது. செத்த பிறகும் பிரித்தே வைத்திருந்ததை நில அளவைக்காரர் வேலி, மா, காணி கணக்கில் எழுதிவைத்திருக்கிறார். "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்" என்று உங்கள் பாத்திரம் பேசத் தொடங்கும்போது இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே கோயிலின் வடபுறத் திருச்சுற்றுச் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணி செய்த பெண்களின், பட்டியல் இருக்கிறது. திருவாரூர், பழையாறு முதலிய ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்தத் தளியிலிருந்து வந்தவள், "நக்கன்" என்ற முன்னொட்டோடு பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் குறித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு வீடும், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். இதைப் படித்தவுடன் கலைக்கு அரசன் செய்த வள்ளன்மை என்று உருகுவதும் எளிது. எல்லோரும் அடிமைகள் என்று ஒரே வீச்சில் எழுதுவதும் எளிது. இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறேன். 100 கலம் நல்ல வாழ்வு. ஆனால் பெயர்ந்து வந்தது அரசனின் ஆணையால். அந்தக் கல்வெட்டே, "செத்தார்க்கும் அநாதேசம் போனார்க்கும்" (வேற்றூர் போனவர்களுக்கும்) பதிலாக உறவு முறையில் அடுத்து உள்ளவர் அந்தக் காணியை, அதாவது உரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறது. அநாதேசம் போனார் என்ற இரண்டு சொற்களை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடும் நெல்லும் இருந்தும் ஒருத்தி விட்டுப் போகக்கூடும் என்பதை ஆணை எழுதியவர்கள் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள். அவள் எந்த இரவில், யாரிடம் சொல்லிக்கொண்டு, எந்த ஆற்றைக் கடந்து போனாள் என்பது எழுதுகிறவரின் வேலை. நாட்டியம் ஆடும் அழகியாக மட்டும் அவளைக் காட்டும் கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

நெல்லின் அளவுகளை வெறும் விவரமாகக் கடந்துவிடாதீர்கள். பேரளத்துக்கு அருகில் உள்ள திருப்பாம்புரத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் பஞ்சம் தாங்காமல் 110 காசுக்குக் கோயிலிடம் தங்களையே விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அப்போது நெல் காசுக்கு மூன்று நாழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 காசுக்கு 330 நாழி. கலத்துக்கு 96 நாழி என்று கொண்டால் மூன்றரைக் கலம்கூடத் தேறாது. தஞ்சைத் தளிச்சேரியில் ஒருத்தியின் ஓராண்டு வரும்படியையும், திருப்பாம்புரத்தில் மூன்று உயிர்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதி, மேசையின் மேல் ஒட்டிக்கொண்டுதான் நான் என் இரண்டாவது கதையை எழுதினேன். சோழநாடு சோறுடைத்து என்ற வரியை அதன் பிறகு எங்கும் அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை. விற்றுக்கொண்டவர் நிலமற்ற கூலியாள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வேளாளருக்கே அந்த நிலை என்றால் சேரியில் இருந்தவர்களின் பெயர் கல்லில் ஏறவே இல்லை.

போரை எழுதும்போது தோற்றவரின் கல்லையும் படிப்பது நல்லது. கன்னட நாட்டில் ஹொட்டூரில், 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று, 9 லட்சம் பேர் கொண்ட சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைப் பிடித்துச் சென்றது என்று குற்றம் சாட்டுகிறது. எண்ணிக்கை பகைவனின் மிகை என்றே கொள்ளுங்கள். ஆனால் பெண்களைப் பிடித்ததை மிகை என்று தள்ள முடியாது, ஏனெனில் நம் பக்கத்து மெய்க்கீர்த்திகளே பகையரசரின் மகளிரைக் கவர்ந்ததைப் பெருமையாகப் பாடுகின்றன. அரண்மனையைச் சார்ந்த "வேளம்" என்ற குடியிருப்புகளில் அவர்களில் பலர் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை எறிந்து (தாக்கி அழித்து) கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில் அப்படியே எழுதியும் இருக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பழங்காலம் என்றால் ஆயிரம் ஆண்டு என்று மட்டும் எண்ண வேண்டாம். திண்ணை, ஊஞ்சல், பித்தளை டபராவில் காபி, களத்தில் மலைபோல நெல் என்று நம் தாத்தா காலத்தை எழுதும் கதைகளிலும் இதே மறதி இருக்கிறது. கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததை அங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். களத்துமேட்டை எழுதும்போது நெல் அளப்பவரின் கைக்கும் துண்டை விரித்துப் பிடித்திருப்பவரின் கண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எழுதுங்கள். மரக்காலின் வாயில் குவியல் நிற்கிறதா, வழித்துவிட்ட அளவா என்பதை அந்தக் கண் ஒரு போதும் தவறவிடாது.

ஒரு பொறியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கொடுமையைக் காட்டியே தீர வேண்டும் என்ற வேகத்தில் மீசை முறுக்கிய ஒரு கொடியவனைப் படைத்து, எல்லாப் பாவத்தையும் அவன் தலையில் வைத்து, இறுதியில் அவனைக் கொன்றுவிட்டால் ஊர் தூய்மையாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் தீண்டாச்சேரியை அளந்த அளவைக்காரர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். வீட்டில் பிள்ளைகளைக் கொஞ்சியிருக்கலாம். அவரை நல்லவராகவே எழுதுங்கள். அளவுகோலைப் பிடித்தபடி சேரி எல்லையில் நின்று, உள்ளே கால் வைக்காமல் கணக்கை முடிக்கும் அந்த நல்லவர், எந்த வில்லனைக் காட்டிலும் வாசகரை உறங்கவிடாமல் செய்வார். அதே போல, 10ஆம் நூற்றாண்டு இளவரசன் வாயில் 20ஆம் நூற்றாண்டுச் சமத்துவத்தை வைத்து அவனைக் காப்பாற்ற முயலாதீர்கள். சாதி பார்த்த ஒருவனை, அவன் மேல் நமக்கு அன்பு குறையாதபடி எழுதுவது கடினம். ஆனாலும் அதைத்தான் முயல வேண்டும்.

கடைசியாக, கதையை எங்கே முடிப்பது என்பது. சோழர் கதைகள் முடிசூட்டு விழாவில் முடிவது வழக்கம். முரசு ஒலிக்கும், மலர் பொழியும். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உடையார்குடிக் கோயிலில் இருக்கும் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவது, முடிசூட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானவர்களின் சொத்து மட்டுமன்றி, அவர்களுடைய தம்பிமார், மக்கள், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், அவர்களுடைய உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று எல்லோருடைய நிலமும் பறிபோகிறது. பின்னர் விலைக்கும் போகிறது. கொலையைப் பற்றி ஒன்றுமறியாமல், கொன்றவனின் மகளைக் கட்டிய மருமகன் ஒருவன் அந்தப் பட்டியலில் இருந்திருப்பான். முரசு ஓய்ந்த மறுநாள் காலையில், சபையார் ஓலையோடு அவன் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே அவன் மனைவி உலையில் அரிசி போட்டிருக்கிறாள். அங்கிருந்து ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள்.